சுசிலா டீச்சரும் மூடிய வாய்களும்

சுசிலா டீச்சருக்கு ‘மாடு’ என்பதும் ‘பாடு’ என்பதும் ஒன்றுதான். இரண்டையும் சொல்லும்போது உதடுகள் ஒரே மாதிரித்தான் ஒட்டிப் பிரிகின்றன. செட்டிகுளம் பக்கத்துப் பாடசாலையொன்றில் அவள் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், ஒருநாள் கரும்பலகையிலிருந்து திரும்பியபோது கடைசி வாங்கில் ஒரு பெடியன் எழுந்து நின்று பதறிப்போய் ஏதோ சொன்னான். ‘பாடு டீச்சர், பாடு’ என்று அவள் கண்ணுக்குப் பட்டது. நடந்துகொண்டிருந்தது செய்யுட் பாடம்.

“ஓம், பாடு. நல்லாச் சத்தமாப் பாடு” என்றாள்.

வகுப்பு வாயைப் பிளந்தது. கதவடியால் உள்ளே வந்துவிட்டிருந்த சிவப்பு நாம்பன் மாடு அவளுடைய மேசையில் கிடந்த வாழைப்பழத்தைத் தோலோடு தின்னத் தொடங்கியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். “பகிடிக்குச் சொன்னனான்” என்று சமாளித்தாள். நெளுக்குளத்தில் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்து அழுதாள்.

சுசிலா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டைக் காலத்தில், பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்தது. அவளுக்குக் காயமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். காதுக்குள் மட்டும் ஒரு மணி அடிக்கத் தொடங்கி, அடித்துக்கொண்டே இருந்தது. செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றபோது, “முன்னுக்குப் போ பிள்ளை” என்று பின்னாலிருந்தவர்கள் கத்தியது கேளாமல் ஏச்சு வாங்கினாள். பிடரியில் ஒருத்தி தட்டியபோதுதான் தனக்கு என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கே விளங்கியது. வலது காது முற்றாகப் போய்விட்டது. இடது காதில் சத்தம் விழும். ஆனால் சொல் சொல்லாகப் பிரிந்து விழாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று ஆரோ கதைப்பதுபோல இருக்கும்.

முகாமில் செய்வதற்கு வேறு வேலை இருக்கவில்லை. அவள் மனிதர்களின் வாய்களைப் பார்த்தாள். சண்டை பிடிக்கிற வாய், செபம் சொல்லுகிற வாய், பிள்ளைக்குச் சோறூட்டும்போது தானும் திறக்கிற வாய். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. பிறகு கல்வியியல் கல்லூரிக்குப் போனாள். நியமனத்துக்கு முன்னான மருத்துவச் சோதனையில் டொக்டர் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தே கேள்விகளைக் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் மறுமொழி சொன்னாள். காது நல்லம் என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அவள் அந்தப் பயத்தை இடுப்பில் செருகிய சாவிக்கோர்வைபோலக் கூடவே கொண்டு திரிந்தாள். ஒருநாள் ஆராவது கண்டுபிடிப்பார்கள், வேலை போய்விடும்.

வீட்டில் பயமில்லை. புருசன் பேதுரு கரையிலிருந்து மீன் எடுத்து வந்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி விற்கிறவன். கதைக்க முன்னர் தோளில் ஒருதரம் தொடுவான். மகள் ஸ்ரெல்லா பேச்சுப் பழகிய நாளிலிருந்தே தாயின் நாடியைப் பிடித்துத் தன்பக்கம் திருப்பிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

பாடசாலையில் சுசிலாவுக்கு ஒரு பெயர் இருந்தது. லகர ளகர ழகரத்தில் அவளை ஏமாற்ற ஏலாது என்பார்கள். உண்மைதான். நாக்கு பல்லில் முட்டுகிறதா, அண்ணத்தில் ஒட்டுகிறதா, ஒட்டாமல் வளைந்து நிற்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். மற்ற ஆசிரியர்கள் காதால் விட்டுவிடுகிற பிழையை அவள் கண்ணால் பிடிப்பாள்.

கொரோனா வந்து எல்லாம் மூடிக் கிடந்த காலம் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. பிள்ளைகள் போனில் எழுதி அனுப்பினார்கள், அவளும் எழுதித் திருத்தினாள். இரண்டாயிரத்து இருபத்தொன்றின் கடைசியில் பெரிய வகுப்புகளுக்குப் பாடசாலை திறந்தபோதுதான் கஷ்டம் வந்தது. பத்தாம் வகுப்புக்குள் காலடி வைத்தவள், மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வகுப்பு நிறையக் கண்கள். கண்களுக்குக் கீழே நீலத் துணி, கறுப்புத் துணி, பூப்போட்ட துணி. ஆர் கதைக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. துணி அசைவதைக் கண்டு அந்தப் பக்கம் திரும்பினால், பிள்ளை இருமிக்கொண்டிருக்கும்.

“இஞ்சேர் சுசி, அதிபரிட்டச் சொன்னால் என்ன?” என்றான் பேதுரு.

“சொல்லி? செவிட்டு டீச்சர் எண்டு பேர் எடுக்கவோ? பிறகு மெடிக்கல் போர்ட்டுக்குப் போ எண்டுவினம்.”

இரண்டு மூன்று மாதம் எழுத்து வேலையாகக் கொடுத்துக் காலத்தைக் கடத்தினாள். பிறகு ஒருநாள் சொன்னாள்: “மறுமொழி சொல்லேக்க மட்டும் மாஸ்க்கை இறக்கிப்போட்டுச் சொல்லுங்கோ. உச்சரிப்புப் பாக்கவேணும்.”

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தகரக் கூரை, மாசி வெக்கை, மூக்கடியில் வேர்வை. மறுமொழி சொல்ல இறக்கியது திரும்ப ஏறவில்லை. நாலைந்து நாளில் தமிழ்ப் பாடத்துக்கு மணியடித்ததும் எல்லா முகக்கவசமும் நாடிக்குக் கீழே போய்விடும். சுசிலா கண்டும் காணாமல் இருந்தாள். அவளுக்கு வகுப்பு திரும்பக் கிடைத்திருந்தது.

துணை அதிபர் மயில்வாகனம் சேர் ஆளனுப்பிக் கூப்பிடவில்லை, நேரே வந்தார். விறாந்தையில் தூணோடு எட்ட நின்று, தன் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், உங்கட வகுப்பில மட்டும் ஏன் மாஸ்க் கழுத்தில தொங்குது?”

“உச்சரிப்புச் சேர். வாய் தெரியாட்டி ழகரம் எப்பிடிப் படிப்பிக்கிறது?”

“ழகரம் பிந்தியும் வரும் டீச்சர். போன ஆள் வராது.”

அவருடைய தமையன் கொரோனாவில் போனவர். பெட்டியை மூடியே கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அது பாடசாலை முழுக்கத் தெரிந்த விசயம். சுசிலா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வகுப்பில் ஒன்றையும் மாற்றவில்லை.

அந்த வகுப்பில் ஒரேயொரு பிள்ளை மட்டும் முகக்கவசத்தை இறக்கவில்லை. தனுஷா என்று பெயர். அந்த வருடம்தான் வேறு பாடசாலையிலிருந்து வந்தவள். ஒன்றுக்கு மேலே ஒன்றாக இரண்டு முகக்கவசம் போட்டு, யன்னலோரமாக வாங்கின் நுனியில் இருப்பாள். கையை உயர்த்தமாட்டாள். சுசிலாவும் சில நாள் விட்டுப் பார்த்தாள். ஒருநாள் வாசிப்பு முறை அவளுக்கு வந்தது.

“தனுஷா, இறக்கிப்போட்டு வாசி பிள்ளை.”

பிள்ளை எழுந்து நின்றது. துணி கொஞ்சம் அசைந்தது.

“என்ன? விளங்கேல்லை. மாஸ்க்கை இறக்கிப்போட்டுச் சொல்லு.”

துணி திரும்ப அசைந்தது. கை மட்டும் மேலே போய் முகக்கவசத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தது. வகுப்பு அமைதியாகிவிட்டதைச் சுசிலா முகங்களில் கண்டாள். முன்வாங்கில் வினோஜா எதையோ சொல்ல அரைவாசி எழும்பினாள். சுசிலா அவளைப் பார்க்கவில்லை. மூன்றாம் முறையும் துணி அசைந்தபோது அவளுக்கு முகம் சூடேறிவிட்டது. கோபம் என்று அவள் நினைத்தாள். பயம்தான் அது.

“டீச்சரை மதிக்கத் தெரியாட்டி வெளியில போய் நில்.”

தனுஷா புத்தகத்தை எடுத்துக்கொண்டு விறாந்தையில் போய் நின்றாள். மணியடிக்கும்வரை நின்றாள். மறுநாள் யன்னலோர இடம் வெறுமையாகக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. கிழமை முடியும்போது சுசிலாவுக்கு அந்த வெறுமை பல்லில் சிக்கிய முள்ளாகிவிட்டது. இடைவேளையில் வினோஜாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

வினோஜா நேர் முன்னால் வந்து நின்று, முகக்கவசத்தை இறக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அவளின்ர அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் பழுது, டீச்சர். வவுனியா ஆசுப்பத்திரியில கிழமையில ரெண்டு நாள் ரத்தம் சுத்திகரிக்கிறவை. கொரோனா வந்தால் தப்பமாட்டார் எண்டு அவளுக்குப் பயம். அதைத்தானே அண்டைக்கு உங்களிட்ட மூண்டு தரம் சொன்னவள்.”

சுசிலா அவளிடம் தனுஷாவின் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டாள். பின்னேரம் ஸ்கூட்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் வயல்பக்கம் திருப்பினாள்.

தனுஷாவின் வீடு குளக்கட்டுக்குக் கீழே, வயல்வெளி முடிகிற இடத்தில் இருந்தது. முற்றத்து மாமரத்தடியில் கதிரையில் ஒரு மனிதர் இருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. இடது கையில் நரம்பு கயிறு போலத் தடித்துப் புடைத்திருந்தது. அவர்தான் தகப்பன் வீரையா. அவருடைய பெற்றோர் ஒரு கலவரத்தோடு மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அந்தப் பேச்சு இன்னும் அவரிடம் இருந்தது. மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

“வாங்க டீச்சர். கோவிச்சுக்காம அந்தக் கதிரையில இருங்க” என்று நல்ல தூரத்தில் போட்டிருந்த இன்னொரு கதிரையைக் காட்டினார். “அது எம் பொண்ணு போட்டது. ஆரு வந்தாலும் அங்கதான். இங்க அவதான் சட்டம்.”

திறந்த வெளியில் வாயை மூடாமல் கதைத்ததால் அவர் சொன்னதெல்லாம் சுசிலாவுக்கு விளங்கியது. ஆசுப்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு மாஸ்டர் இருந்தாராம். சேர்ந்து பகிடி விட்டுக்கொண்டு கிடப்பார்களாம். தொற்று வந்து ஒரே கிழமையில் போய்விட்டாராம்.

“அத நான் புள்ளைக்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது டீச்சர். அதுக்குப் பொறகு என்னையக் கண்ணாடிச் சாமானாட்டம் வச்சிருக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா கெணத்தடியில குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள வாறது. நீ படிடி, நான் செத்தா சாவுறேன்னு சொன்னாக் கேக்குதில்ல. இப்ப பள்ளிக்கூடமே வேணாமாம்.”

தனுஷா குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். வீட்டிலும் முகக்கவசம்தான். கோப்பையை வாங்கின்மேல் வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்றாள்.

சுசிலா வரும் வழியில் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

“பிள்ளை, அண்டைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கேல்லை. எனக்குக் காது கேளாது. ஷெல் சத்தத்தில போனது. வாயைப் பாத்துத்தான் நான் விளங்கிறனான். உன்ர வாய் தெரியேல்லை. தெரியாமல் ஏசிப்போட்டன்.”

புருசனையும் வீட்டாரையும் தவிர வேறொருவரிடம் அவள் இதைச் சொன்னது அதுதான் முதல்தரம்.

தனுஷா தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேலிவரைக்கும் நடந்துபோய், அங்கே கிடுகோடு சாய்ந்து நின்று, இரண்டு முகக்கவசத்தையும் கழற்றினாள். சுசிலா அன்றுதான் அந்த முகத்தைக் கண்டாள். துணிக்குப் பின்னால் ஒரு பிடிவாதமான வாயை அவள் கற்பனை செய்து வைத்திருந்தாள். அங்கே இருந்தது சின்னப் பிள்ளையின் வாய். முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. மூக்கடியில் துணி உரசிச் சொறி வந்திருந்தது.

“அப்பாவுக்கு வருத்தம், கழட்டப் பயமாக் கிடக்குது எண்டுதான் சொன்னனான் டீச்சர்” என்றாள் தனுஷா. பிறகு, “முதல் நாளே வினோஜா சொன்னவள், டீச்சருக்கு முன்னால நிண்டு கதை, பின்னால நிண்டு கதைக்காதை எண்டு. ஏனெண்டு நான் கேக்கேல்லை. உதுக்குத்தானோ?”

சுசிலா தேத்தண்ணியைக் குடிக்க மறந்துபோனாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. திரும்பும்வரை கையை உயர்த்திக்கொண்டு காத்திருப்பார்கள். கதவடியில் ஆராவது வந்தால் முன்வாங்குப் பிள்ளை அந்தப் பக்கம் பார்த்து அவளையும் பார்க்க வைக்கும். இதையெல்லாம் நல்லொழுக்கம் என்று அவள் நினைத்திருந்தாள். நாம்பன் வாழைப்பழம் தின்ற அன்றைக்கே அந்த வகுப்புக்கு விளங்கியிருக்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகள் கீழ்வகுப்புக்குச் சொல்லி, அண்ணன் தம்பிக்குச் சொல்லி, இத்தனை வருடமாக ஒருவரும் வெளியில் விடவில்லை. முகக்கவசத்தை இறக்கச் சொன்னபோது அவர்கள் உடனே இறக்கியதும் வெக்கைக்காக மட்டும் இருந்திருக்காது.

அடுத்த கிழமையே பெற்றார் கூட்டம் வந்தது. வகுப்புக்குள் முகக்கவசம் போடத்தான் வேண்டுமா என்று ஊருக்குள் பெரிய இழுபறியாகிவிட்டிருந்தது. விதி போடு என்றது. பிள்ளைகள் பாதி போட்டும் பாதி போடாமலும் இருந்தார்கள். ஒரு வகுப்பில் ஏச்சு, ஒரு வகுப்பில் சிரிப்பு. அதிபர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவோம் என்றார்.

கூட்டத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்பது சுசிலாவுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முதல்நாள் விஞ்ஞான ஆசிரியை ரஜிதாவிடம் போய் விசயத்தைச் சொல்லி, “என்ன கதைக்கினம் எண்டு போனில எழுதிக் காட்டுறீரோ?” என்று கேட்டாள். ரஜிதா முகக்கவசத்தை இறக்கினாள். “அதுதான் நான் பின்னால வந்து கூப்பிட்டால் திரும்பிறேல்லை. பெருமை எண்டு நினைச்சன்” என்று சொல்லி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் எழும்பியது சுமித்திரா. அவளுடைய மகன் விதுசனுக்கு இழுப்பு இருக்கிறது. “உந்தத் தகரக் கொட்டிலுக்குள்ள மூக்கையும் கட்டிவிட்டால் என்ர பிள்ளை மூச்செடுக்கிறது எப்பிடி? ரெண்டு தரம் மயங்கி விழுந்தவன். வருத்தம் வராமல் காப்பாத்திறம் எண்டு மூச்சை நிப்பாட்டப் போறியளோ?” ரஜிதா அதைப் போனில் தட்டச்சு செய்து சுசிலாவின் பக்கம் திருப்பினாள்.

பஸ் ஓட்டுகிற சுதாகரன் அடுத்ததாக எழும்பினார். பிள்ளைகள் பஸ்ஸுக்குள் நசுங்கிக்கொண்டு வருகின்றன, ரியூசனில் தோளோடு தோள் முட்ட இருக்கின்றன, அங்கேயெல்லாம் இல்லாத மாஸ்க் வகுப்பில் மட்டும் என்னத்துக்கு என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. “சுசிலா டீச்சரின்ர வகுப்பில கழட்டலாம் எண்டால் மற்ற வகுப்பில ஏன் ஏலாது?” என்று முடித்தார்.

மயில்வாகனம் சேர் எழும்பி, தன் தமையனைப் பற்றி ஒரு வசனம் சொன்னார். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

ரஜிதாவின் போனில் சுசிலா தன் பெயரைக் கண்டிருந்தாள். அவள் எழும்பினாள்.

“சுதாகரன் அண்ணை என்ர வகுப்பைச் சொன்னவர். என்ர வகுப்பில மாஸ்க்கைக் கழட்டச் சொன்னது பிள்ளையளின்ர நன்மைக்கு இல்லை. எனக்காக. எனக்கு ஒரு காது முற்றாக் கேளாது, மற்றது அரைகுறை. வாயைப் பாத்துத்தான் விளங்கிறனான். அதைச் சொல்ல வெக்கப்பட்டு, உச்சரிப்பெண்டு பொய் சொன்னனான்.”

அவள் தொடர்ந்தாள்.

“மாஸ்க் போட்டால் முதல்ல கஷ்டப்படுறது நான்தான். எண்டாலும் போடத்தான் வேணும் எண்டு கேக்கிறன். தகப்பனுக்கோ தாய்க்கோ கடும் வருத்தம் உள்ள பிள்ளையள் எங்களிட்டப் படிக்குதுகள். ஆர் ஆர் எண்டு எங்களுக்கே முழுக்கத் தெரியாது. அதுகள் பயத்தில பள்ளிக்கூடத்தை விட்டிட்டு நிக்குதுகள். விதுசன் மாதிரி மூச்சுக் கஷ்டப்படுற பிள்ளைக்கு டொக்டரிட்டக் கேட்டு விலக்குக் குடுப்பம், யன்னலோரம் இருத்துவம். வாய் திறந்து கதைக்கிற பாடத்தை வெளியில வைப்பம். தண்ணித் தாங்கிக்குப் பக்கத்து மருதமரத்துக்குக் கீழ நிழல் இருக்கு. எட்ட எட்ட இருந்து கழட்டிப்போட்டு வாசிக்கட்டும். வகுப்புக்குள்ள வந்தால் போடட்டும்.”

அவள் உட்காரப் போனபோது, மூன்றாவது வரிசையில் சுமித்திரா முகக்கவசத்தை ஒருபக்கமாக இழுத்து, பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் குசுகுசுத்தாள். கூட்டத்தில் திறந்திருந்த ஒரே வாய் அதுதான்.

‘செவிட்டு டீச்சரிட்டையோ எங்கட பிள்ளையள் தமிழ் படிக்குதுகள்?’

“ஓம் சுமித்திரா அக்கா” என்றாள் சுசிலா. “செவிட்டு டீச்சரிட்டத்தான்.”

சுமித்திராவின் கை பாய்ந்து வாயைப் பொத்தியது. பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். சுசிலாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சொல்லுக்குத்தான் இத்தனை வருடம் பயந்திருந்தாள். தன் வாயாலேயே சொன்னபோது நினைத்த அளவுக்கு அது சுடவில்லை.

அதிபர் அவள் கேட்டபடியே முடிவு சொன்னார். எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. சுதாகரன் தலையை ஆட்டிக்கொண்டே எழும்பிப் போனார். வாசலில் சுமித்திரா காத்துக்கொண்டு நின்றாள். எட்ட நின்று, முகக்கவசத்தை நன்றாக இறக்கிவிட்டுச் சொன்னாள்.

“கோவிக்காதேங்கோ டீச்சர். என்ர மகன் வீட்டில என்னோட கதைக்கிறதெண்டாலும் முன்னால வந்து நிண்டு முகத்தைப் பாத்துத்தான் கதைப்பான். இதென்ன புதுப் பழக்கம் எண்டு நான் ஏசுறனான். ஆரிட்டப் பழகினவன் எண்டு இண்டைக்குத்தான் விளங்குது.”

மருதமரத்தடி வகுப்பு நினைத்ததுபோல இலகுவாக இருக்கவில்லை. வாங்குகளைத் தூக்கி வைக்கவும் திருப்பிக் கொண்டுபோகவும் பாடத்தில் கால்வாசி போய்விடும். குரங்குகள் சாப்பாட்டுப் பெட்டியைப் பறித்தன. ஆனால் தனுஷா வந்தாள். முதல்நாள் எல்லோரிலும் தள்ளி, வேரொன்றின்மேல் இருந்து, முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு ஒரு பந்தி வாசித்தாள். ‘மழை’யை ‘மளை’ என்றாள்.

“நாக்கை ஒட்டவிடாதை. வளைச்சு அந்தரத்தில நிப்பாட்டு” என்றாள் சுசிலா. பிள்ளை நாலைந்து தரம் முயன்றது. பிறகு வந்தது.

மழை நாட்களில் உள்ளே இருக்கவேண்டி வந்தபோது பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சொல்ல வந்ததைத் தாளில் பெரிதாக எழுதி உயர்த்தினார்கள். வெளியில் வாய் தெரியும்போதுகூட மூக்கொலியான மகரம் வந்தால் மூக்கைத் தொட்டுக் காட்டினார்கள், பகரத்துக்குத் தொடுவதில்லை. அதற்குப் பிறகு மாடும் பாடும் அவளுக்கு வேறுவேறாகின.

செவிட்டு ஆசிரியை படிப்பிக்கிறாள் என்று ஆரோ மேலிடத்துக்கு அறிவித்து, ஒரு அதிகாரி வந்து பின்வாங்கில் இருந்து பார்த்துவிட்டுப் போனார். சுசிலா இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. அவர் எழுதியனுப்பியதெல்லாம், காதைக் காட்டி ஒரு கருவி எடுத்துக்கொள்ளட்டும் என்பதுதான். கருவி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றவள் ஹோர்ன் சத்தத்தில் துள்ளிப்போனாள். வகுப்பில் போடுவாள், தெருவில் கழற்றுவாள். கருவி இருந்தாலும் வாயைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

அந்த வருடம் எரிபொருள் தட்டுப்பாடு வந்து வண்டிகள் எல்லாம் நின்றபோது, வீரையா ஆசுப்பத்திரிக்குப் போக வழியில்லாமல் தவித்தார். மீன் கொண்டுவர என்று கிடைத்த பெற்றோலில் மிச்சம் பிடித்து, பேதுருதான் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். “மீன் மணம் ஒட்டிக்கிறதால டொக்டர்மாரு என்னையக் கண்டுபிடிச்சிடுறாங்க” என்று வீரையா சிரிப்பார். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஆவணி மாதம் அவருக்குத் தொற்று வந்தது. தனுஷா தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டதாக நம்பி, சாப்பிடாமல் கிடந்தாள். சுசிலா போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

“எங்கயிருந்து வந்தது எண்டு ஆருக்கும் தெரியாது பிள்ளை. ஆசுப்பத்திரி, பஸ், என்ர மனுசன்ர மோட்டார் சைக்கிள், எங்கயும் இருக்கலாம். உன்னால ஏலுமானதை நீ செய்தனீ.”

வீரையா மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பாடசாலைகளில் முகக்கவசம் மெல்ல மெல்லக் கழன்றது. கட்டாயம் என்று கேட்க ஆளில்லை. தனுஷா மட்டும் போட்டாள். வகுப்பில் ஒருவரும் அதைப் பகிடி பண்ணவில்லை. அவள் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் வீரையா போனார், நெஞ்சுவலி. மனைவி குவைத்திலிருந்து வந்திருந்தாள். செத்தவீட்டுக்கு மயில்வாகனம் சேரும் வந்தார். வீரையாவை அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் பெட்டியடியில் நின்று, முகத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுசிலா அவரை அங்கிருந்து நகரச்சொல்லிக் கூப்பிடவில்லை. பார்க்கட்டும் என்று விட்டாள்.

தனுஷாவுக்குத் தமிழில் நல்ல பெறுபேறு வந்தது. இப்போது உயர்தரம் படிக்கிறாள்.

வகுப்பில் பிள்ளைகள் முகக்கவசம் போட்டது சரியா, அதால் ஆராவது தப்பினார்களா என்று ரஜிதாவும் சுசிலாவும் இன்னும் சில வேளை கதைப்பதுண்டு. சுசிலாவுக்கு முடிவாக ஒன்றும் சொல்லத் தெரியாது. ஒரு பிள்ளை திரும்ப வந்து இருந்தது என்பது மட்டும் தெரியும்.

இந்த வருடம் புதுப் பத்தாம் வகுப்புக்குப் போன முதல்நாள் அவள் பெயரைச் சொன்ன கையோடு மற்றதையும் சொன்னாள்.

“எனக்குக் காது கேக்கிறது குறைவு. முன்னால நிண்டு, முகத்தைப் பாத்துக் கதையுங்கோ.”

பின்வாங்கில் ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் பக்கம் சரிந்து, “அப்ப இஞ்ச இருந்து என்னவும் கதைக்கலாம்” என்றாள்.

“கதைக்கலாம்” என்றாள் சுசிலா. “ஆனால் குனிஞ்சு கதைக்கவேணும்.”